ஏப்ரல் மாதத்தில் பிறந்தவர்கள்

ஆரணி
11-4-42

அன்புள்ள அக்காவுக்குக் கபாலி நமஸ்காரம்.

கபாலீசுவரர் கிருபையால் நானும் கோமளமும் மூன்று குழந்தைகளும் நேற்று மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஏறியிருந்தது. கோமளத்துக்கு இன்னும் தலைவலி.

கிளம்பும்போது உன்னைப் பின்கட்டிலேயே இருக்கச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே. குழந்தைகளோடு பிரயாணம், உன் முகத்தில் விழித்துவிட்டுக் கிளம்பினால் சகுனம் சரியாக இருக்காது என்று கோமளம் பயந்தாள். அவள் சுபாவம் உனக்குத் தெரியும். உன்னை அழைத்து வராததற்கும் காரணம் உண்டு. திருகோணமலையில் குண்டு போட்டவன் நாளைக்கே மெட்ராஸில் போடலாம் என்கிறார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் திருடன் புகுந்துவிடுவான். பசுவை யார் பார்த்துக்கொள்வது? நீயோ தைரியசாலி. ஜப்பான்காரன் உன்னை என்ன செய்துவிடப் போகிறான்?

எங்கள் பத்திரிகை ஆபீஸும் தியாகராய நகரை விட்டு வாலாஜாவுக்குப் போய்விட்டது. ஏப்ரல் இதழ் மாதக் கடைசியில்தான் வரும். என் 'மாதமும் மாமனிதரும்' பக்கத்தை இங்கிருந்தே எழுதி அனுப்ப வேண்டும். மேஜைக்கு மேலே சிவப்பு அட்டை போட்ட சரித்திரப் புத்தகம் இருக்கிறது. தபாலில் அனுப்பிவை. உடனே வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
கபாலி


மயிலாப்பூர்
13-4-42

சிரஞ்சீவி கபாலிக்கும் கோமளத்துக்கும் குழந்தைகளுக்கும் அக்காவின் ஆசீர்வாதம்.

புத்தகத்தை அனுப்பிவிட்டேன். தபாலாபீசில் கூட்டமே இல்லை. என்னையும் ஒரு நாயையும் தவிர யாரும் வரவில்லை.

நம் தெருவில் விளக்கு எரிகிற வீடு நம்முடையது ஒன்றுதான். அதற்கும் கறுப்புக் காகிதம் ஒட்டிவிட்டேன். எதிர்வீட்டு வக்கீல் பெட்டி, படுக்கை, கிளிக்கூண்டு எல்லாவற்றையும் ஜட்காவில் ஏற்றினார். கிழட்டு வேலைக்காரனை மட்டும் வாசலில் விட்டுவிட்டார். அவன் இரண்டு நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டுச் சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அழுகிறான். பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவனைப் பார்த்து இல்லை. இவ்வளவு பெரிய மனுஷர்கள் கிளிக்கு இடம் கண்டுபிடித்தார்களே, அதைப் பார்த்து.

நீ கொல்லையில் வெட்டச் சொன்ன பதுங்கு குழியில் தண்ணீர் ஊறித் தவளை கத்துகிறது. ஜப்பான்காரன் வந்தால் தவளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன், கவலைப்படாதே.

வழக்கமாக மாதாமாதம் என் தலையை வழிக்க வரும் நாவிதனும் ஊரை விட்டுப் போய்விட்டான். பதினெட்டு வயதுக்குப் பிறகு இப்போதுதான் என் தலையில் முடி குத்துகிறது. தடவினால் வேடிக்கையாக இருக்கிறது. இதை உன்னிடம் எழுதக் கூடாதோ என்னவோ, எழுதிவிட்டேன்.

விமானத் தாக்குதலுக்கு எச்சரிக்கை செய்கிற ஏ.ஆர்.பி. வார்டன் துரைராஜ் வந்திருந்தான். "இன்னா மாமி, தெருவே காலி, நீ மட்டும் ஒண்டியா கீறே? உன்னை இட்டுக்கினு போவலியா?" என்று கேட்டான். வீட்டைப் பார்த்துக்கொள்ள இருக்கிறேன் என்றேன். பேர், வயசு, பிறந்த தேதி எல்லாம் எழுதிக்கொள்ள வேண்டுமாம், குண்டு விழுந்தால் யார் யார் என்று அடையாளம் தெரிய வேண்டாமா. எனக்குப் பங்குனி மாதம், அஸ்த நட்சத்திரம் என்று தெரியும். அவனுக்கு இங்கிலீஷ் தேதிதான் வேண்டும். என் வீட்டுக்காரர் கண்ணை மூடியதும் அப்பா என் ஜாதகத்தைக் கிணற்றில் போட்டுவிட்டார், உனக்கு அப்போது ஆறு வயசு. உலகத்தில் பிறந்தவர்களுக்கெல்லாம் தேதி கண்டுபிடிக்கிறவனாயிற்றே நீ. பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து என் தேதியையும் சொல்லேன்.

அக்கா
விசாலாக்ஷி


ஆரணி
16-4-42

அக்காவுக்கு நமஸ்காரம். புத்தகம் வந்தது, ஒரு மூலை மடங்கியிருக்கிறது. அடுத்த தடவை அட்டை வைத்துக் கட்டு.

என் அவஸ்தையை யாரிடம் சொல்வது? ஏப்ரல் மாதத்தில் யார் யாரெல்லாம் பிறந்து தொலைத்திருக்கிறார்கள் பார். பத்தாம் தேதி ஹோமியோபதி கண்டுபிடித்த ஹானிமன். அது கௌரவம். பதினான்காம் தேதி அம்பேத்கர், போடலாமா என்று ஆசிரியர் யோசிக்கிறார். இருபதாம் தேதி ஹிட்லர், இருபத்திரண்டாம் தேதி லெனின். சர்க்கார் கண்ணில் பட்டால் காகிதக் கோட்டா போய்விடும். இன்றைக்கு, பதினாறாம் தேதி, சினிமாவில் கோணல் கால் நடை நடக்கிற சாப்ளின். இந்தக் கூத்தாடியை மாமனிதர் பக்கத்தில் போடவா என்று எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆசிரியர் போட்டே ஆக வேண்டும் என்கிறார். ஜனங்களுக்குப் பிடிக்குமாம். கடைசியில் இந்த மாதத்துப் பெருநிகழ்ச்சியாகப் பட்டணம் காலியானதையும் எழுதச் சொல்லியிருக்கிறார். நீ அங்கேயே இருக்கிறாய். எதைப் பார்க்கிறாயோ அதை விவரமாக எழுது.

உன் பிறந்த தேதியைக் கேட்டிருந்தாய். பஞ்சாங்கமெல்லாம் பரணில் கிடக்கிறது, அதற்காக யார் மெனக்கெடுவது? உனக்கு எதற்கு இங்கிலீஷ் தேதி? வார்டனிடம் ஏதாவது ஒன்றைச் சொல்லிவை.

முடி விஷயத்தைக் கோமளத்திடம் சொல்லவில்லை. சீக்கிரம் வேறு நாவிதனைப் பார்.

கபாலி


மயிலாப்பூர்
18-4-42

சிரஞ்சீவி கபாலிக்கு ஆசீர்வாதம்.

விவரமாக எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

இந்த வாரம் மிருகக்காட்சி சாலையில் சிங்கம், புலி எல்லாவற்றையும் போலீஸ் சுட்டுவிட்டது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமாம். துரைராஜின் மச்சான் அங்கே காவல் வேலை. ஒரு கிழட்டுச் சிங்கம் துப்பாக்கியைப் பார்த்துத் தீனி போடுகிறார்கள் என்று நினைத்துக் கம்பி ஓரம் வந்து நின்றதாம். அன்று என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. கபாலி கோவில் குளத்தில் படிக்கட்டு முழுவதும் காக்கைதான். மாடவீதியில் காய்கறிக் கடை மூன்றே மூன்று.

இனி நம் வீட்டு விஷயம். கச்சேரி ரோட்டில் மெத்தை தைக்கிற வலியுல்லாவைத் தெரியுமல்லவா, நீ படுத்துக்கொள்கிற மெத்தை அவன் தைத்ததுதான். அவன் அம்மாவை வேலூரில் விட்டுவிட்டு வரப் போனவனுக்குத் திரும்ப ரயில் கிடைக்கவில்லை. பெண்டாட்டி ஜமீலுன்னிசா நிறைமாசம், தனியாக இருந்தாள். பதினாறாம் தேதி மத்தியானம் அபாயச் சங்கு ஊதிற்று. நான் பசுவை அவிழ்த்து உள்ளே கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அந்தப் பெண், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"மாமி, வலி எடுத்துக்கினு கீது. ஆஸ்பத்திரி வாசல்ல பூட்டு தொங்குது. எங்க போறதுன்னு தெரியல" என்றாள்.

தெருவில் வேறு வீடு ஏது, கபாலி? உள்ளே கூட்டி வந்தேன். கோமளத்துக்கு மூன்று பிரசவமும் நடந்த அதே அறையில் படுக்க வைத்தேன். மூன்று தடவையும் வெந்நீர் போட்டது நான். மூன்று தடவையும் என்னை அந்த வாசல்படி தாண்ட விடவில்லை. பதினோராம் நாள் ஆன பிறகுதான் குழந்தையைக் காட்டினீர்கள், அதுவும் தூரத்திலிருந்து. ஆனால் காது இருக்கிறதே. மருத்துவச்சி என்ன சொன்னாள், எப்போது என்ன கேட்டாள், அத்தனையும் சமையலறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அதையெல்லாம் ஞாபகம் வைத்துச் செய்தேன்.

பயமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் என் கையைக் கடித்துவிட்டாள், தழும்பு இருக்கிறது. சங்கு ஓய்ந்ததும் ஓயாததும் எனக்குத் தெரியாது. பெண் குழந்தை. வழுக்கிக்கொண்டு என் கையில் வந்து விழுந்து, கண்ணைத் திறந்து நேரே என் முகத்தைப் பார்த்தது. நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் பார்க்கக் கூடாத முகம். அது பார்த்துவிட்டு அழவில்லை, கொட்டாவி விட்டது. எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் சாந்தோமிலிருந்து துரைராஜ் ஒரு லேடி டாக்டரை அழைத்து வந்தான். தொப்புள்கொடியை நான் கட்டியிருந்ததைப் பார்த்து, யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். சமையலறையில் என்றேன்.

வலியுல்லா வரும் வரை தாயும் குழந்தையும் இங்கேதான். பசுவின் பால் வீணாகவில்லை.

அக்கா
விசாலாக்ஷி


ஆரணி
21-4-42

அக்காவுக்கு.

உன் கடிதத்தைப் படித்துக் கோமளம் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் உடம்பெல்லாம் கூசுகிறது. என் குழந்தைகள் பிறந்த அறை. சுவருக்கு அந்தப் பக்கம் சுவாமி படங்கள். அங்கே அந்த ஜாதிக்காரியின் பிரசவமா? ஒரு தடவையாவது யோசித்தாயா? இரக்கம் வேண்டியதுதான், கொட்டகையில் வைத்துக்கொண்டிருக்கலாமே.

நான் சொல்வதைக் கேள். அவர்களை உடனே அனுப்பிவிடு. அந்த அறையைச் சாணி போட்டு மெழுகி, வாத்தியாரைக் கூப்பிட்டுப் புண்யாகவாசனம் பண்ண வேண்டும். மெத்தையை எரித்துவிடு. உனக்கும் சுத்தி வேண்டும். இங்கே ஆரணி நாவிதன் ஒருவனைப் பேசி வைத்திருக்கிறேன், முதல் தேதிக்குப் பட்டணம் வருகிறான். தலையைக் காட்டு. இதெல்லாம் ஆகாமல் கோமளம் அந்த வீட்டுப் படி ஏறமாட்டாள். அவள் ஏறாத வீட்டில் உனக்கும் இடம் கிடையாது என்பதை நான் எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை.

கபாலி


மயிலாப்பூர்
4-5-42

கபாலிக்கு.

வாத்தியாரைத் தேடினேன். அவர் பத்தாம் தேதியே குடும்பத்தோடு சீர்காழிக்கு ஓடிவிட்டாராம். மெத்தையை எரிக்கவில்லை, துவைத்துக் காயப் போட்டேன். அறையை அன்றைக்கே கழுவினேன், என் கையால், ரத்தம் போக. அது சுத்தமாகத்தான் இருக்கிறது. வலியுல்லா இருபத்தைந்தாம் தேதி வந்து பெண்டாட்டியையும் குழந்தையையும் அழைத்துப் போனான். வாசலில் நின்று என் கால் இருந்த திசையில் கும்பிட்டான், தொடவில்லை. உன்னைவிட அவனுக்குத் தெரிந்திருக்கிறது, இந்த வீட்டில் எது எது தீட்டு என்று.

இதோடு நின்றிருந்தால் உன் வீட்டுப் பின்கட்டிலேயே கிடந்திருப்பேன். இருபது வருஷமாகக் கிடந்தவள்தானே. ஆரணி நாவிதனுக்கும் தலையைக் குனிந்திருப்பேன்.

முப்பதாம் தேதி துரைராஜ் உன் பத்திரிகையைக் கொண்டு வந்தான். "மாமி, உன் தம்பி ஷோக்கா எழுதிக்கிறாரு, நம்ம தெருவைப் பத்தி" என்றான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஹானிமனும் சாப்ளினும் இருக்கிறார்கள். கடைசியில் பெருநிகழ்ச்சி. "குண்டுக்கு அஞ்சி ஊரே ஓடியபோது நாம் மயிலையில் நம் இல்லத்தை விட்டு அகலவில்லை" என்று இருக்கிறது. கம்பி ஓரம் வந்து நின்ற கிழட்டுச் சிங்கத்தை நீ கண்ணால் கண்டிருக்கிறாய். குளத்துக் காக்கைகளை நீ எண்ணியிருக்கிறாய். அதற்குப் பிறகு, "அபாயச் சங்கு முழங்கிய வேளையில் நிறைமாதச் சகோதரி ஒருத்தி நம் கதவைத் தட்டினாள். முஸ்லிம் என்று பாராமல் உள்ளே அழைத்தோம். ஜாதி மதம் கடந்த அன்பே தமிழர் பண்பு."

வாய் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன், கபாலி. நிஜமாகவே வாந்தி எடுத்தேன். பிரசவ ரத்தத்தைக் கழுவின அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் பத்திரிகையைப் படித்துவிட்டுக் குமட்டிற்று. என்னைத் தலையை வழித்துக்கொள்ளச் சொன்ன அதே பேனாவில்தானே இதையும் எழுதினாய்? வாசகர்கள் உனக்குப் பாராட்டு எழுதுவார்கள். கோமளம் படித்துச் சந்தோஷப்படுவாள். இதில் நீ எதை நம்புகிறாய் என்று கேட்கலாமென்று பார்த்தேன். எதையும் இல்லை என்று எனக்கே பதில் தெரிந்துவிட்டது. ஆறு வயசில் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்ட பிள்ளையைப் பற்றி இப்படி எழுதுவது எனக்கு வலிக்கிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆரணி நாவிதன் முதல் தேதி சரியாக வந்தான். கூலியைக் கொடுத்து, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

சாந்தோம் லேடி டாக்டரின் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் பாதிப்பேர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். நாளையிலிருந்து அங்கே எனக்கு வேலை. தங்க இடமும் கொடுக்கிறார்கள், ஜன்னல் உள்ள அறை. சாவி துரைராஜிடம் இருக்கிறது. பசுவை வலியுல்லா வீட்டுக் கொல்லையில் கட்டியிருக்கிறேன். போய் அவிழ்த்துக்கொள். அவர்கள் வைக்கோலைத் தின்ற மாடு தீட்டு என்று தோன்றினால் அங்கேயே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரி கிளார்க் என் பேரைப் பதிந்துகொண்டார். வருஷம் தெரியும், சொன்னேன். பிறந்த தேதி என்ன என்றார். வார்டனிடம் தெரியாது என்று சொல்லியிருந்தேன். நீ ஏதாவது ஒன்றைச் சொல்லிவை என்று எழுதியிருந்தாய் அல்லவா?

ஏப்ரல் பதினாறு என்றேன். எழுதிக்கொண்டார்.

விசாலாக்ஷி