கீழ்த்தளத்து முப்பத்திரண்டு கட்டில்கள்

ஜூன் 3, திங்கள்
பயிற்சியின் முதல் நாள். மாறிவரும் பருவநிலையை மனத்தில் வைத்து ஊரைத் திட்டமிடுவது எப்படி, முடிவெடுப்பது எப்படி - பன்னிரண்டு வாரம். வகுப்பில் பத்தொன்பது பேர். ஐம்பதைத் தாண்டியவள் நான் மட்டும். பாடம் நடத்துகிறவருக்கே முப்பத்தைந்து இருந்தால் அதிகம். அவர் என்னை "மேடம்" என்றார், நானும் அவரை "மேடம்" என்றேன். இருவரும் ஒரு நொடி விழித்தோம்.

தங்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசி பெட்டிகள். ஒன்பது. எண்ணும் அளவுக்கு நேரம் இருக்கிறது.

ஜூன் 6, வியாழன்
தம்பி பேசினான். "அக்கா, மோட்டார் ரூம் சாவி எங்க வெச்ச?" சொன்னேன். "சரி, ஃபோனை வெச்சிடறேன்." சாப்பிட்டாயா என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. அவன் குடும்பத்தோடு பதினாறு வருடமாக இருக்கிறேன். சாவி இருக்கும் இடம் தெரிந்தவள் - அவ்வளவுதானா நான்?

ஜூன் 12, புதன்
மதியம் எல்லோரும் கூட்டமாகச் சாப்பிடப் போனார்கள். யாரும் வராதே என்று சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

ஜூன் 20, வியாழன்
இந்த மாத வேலை: அவரவர் ஏற்கெனவே கையெழுத்திட்ட ஒரு முடிவை எடுத்து, இனி வரப்போகும் மழையையும் வெயிலையும் வைத்து மறுபடி சோதிக்க வேண்டும். வகுப்பில் இருக்கும் மீன்வளத்துறைக்காரர் படகுத்துறையை எடுத்துக்கொண்டார். நான் முதியோர் இல்லத்தை. ஆறு வருடத்துக்கு முன், நகராட்சிப் பொறியாளராக நான் ஒப்புதல் தந்த கட்டடம். நல்ல காற்றோட்டம், கட்டிலைத் தள்ளிப்போக வசதியாக அகலமான கதவுகள். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ள ஆசை, அதுதான் உண்மை.

ஜூன் 25, செவ்வாய்
கணக்கு முடிந்தது. எங்கோ பிசகு என்று மறுபடி போட்டேன். மூன்று முறை.

அன்று நான் எடுத்துக்கொண்டது நாற்பது வருடப் பழைய மழை அட்டவணை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அதுதான் வேதம். இப்போதோ ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டுகிறது. கடைசிப் பதினைந்து வருடப் பதிவையும் சேர்த்தால், ஒரு பெருமழைக்கு இல்லத்தை ஒட்டி ஓடும் மழைநீர் வாய்க்கால் தாங்காது. கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர்.

இடுப்பளவு, நிற்கிறவர்களுக்கு. அங்கே கட்டிலில் இருக்கும் முப்பத்திரண்டு பேரில் ஒருவராலும் நிற்க முடியாது.

ஜூன் 26, புதன்
என் கையெழுத்து. கண்ணை மூடிக்கிட்டா போட்டேன்? இல்லையே. நல்லா முழிச்சுக்கிட்டுத்தானே போட்டேன்.

ஜூன் 28, வெள்ளி
ஆசிரியையிடம் காட்டினேன். கணக்கு சரி என்றார். "அப்படின்னா தண்ணி வந்தே தீருமா?" என்று கேட்டேன்.

"தெரியாது மேடம். அடுத்த வருஷமே வரலாம். இருபது வருஷம் வராமலும் போகலாம். தெரியாமலே முடிவெடுக்கறதைப் பத்தித்தானே இந்த வகுப்பே." பிறகு தயங்கினார். "உங்களுக்குச் சங்கடம்னா வேற கட்டடம் எடுத்துக்கலாம். கட்டாயம் இல்ல."

நல்ல மனசு. அதனாலேயே எரிச்சல் வந்தது.

ஜூலை 2, செவ்வாய்
தலைமைப் பொறியாளரை அழைத்தேன். எதற்கும் "பார்க்கலாம்" என்பார். எங்கள் பிரிவில் அவருக்குப் பெயரே அதுதான். இன்று அதைக்கூடச் சொல்லவில்லை.

"உங்களைப் படிக்கத்தான் அனுப்பினோம் மேடம். பழைய ஃபைலைக் கிளற அனுப்பல."

"சார், அங்க படுத்த படுக்கையா முப்பத்திரண்டு பேர்..."

வைத்துவிட்டார்.

ஜூலை 3, புதன்
இல்லத்தின் தலைமைச் செவிலியருடைய எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன். முன்பின் பழக்கமில்லாதவர். மேல்தளத்தில் என்ன இருக்கிறது? கூட்ட அரங்கு, அலுவலகம், இரண்டு காலி அறைகள். லிஃப்ட்? இல்லை. "நைட் டூட்டியில எத்தனை பேர் இருப்பீங்க?" "ரெண்டே பேர்."

கணக்கில் வந்த இடுப்பளவுத் தண்ணீரைச் சொன்னேன். பிறகு அவர் கேட்டார்: "இதை எழுத்துல குடுப்பீங்களா? எழுத்துல இருந்தா மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஜூலை 5, வெள்ளி
தம்பி கொதித்தான். "உனக்கு ஏன்க்கா இந்த வேண்டாத வேலை? பதவி உயர்வு லிஸ்ட்ல உன் பேர் இருக்கு. யாரும் கேக்காதப்போ நீயா போய் 'நான் தப்பு பண்ணிட்டேன்'னு எழுதிக் குடுப்பியா?" பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல்: "அண்ணி சொன்னா கேக்கவா போறாங்க!"

அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அதுதான் கஷ்டம்.

ஜூலை 9, செவ்வாய்
எழுதிவிட்டேன். "மேற்படி கட்டடத்துக்கு நான் அளித்த ஒப்புதல் இன்றைய மழைப் பதிவின்படி பிழையானது. நடக்க இயலாதவர்களை மேல்தளத்துக்கு மாற்றவும், கட்டில்கள் ஏறி இறங்கச் சாய்தளம் அமைக்கவும் பரிந்துரைக்கிறேன்." அலுவலகத்துக்கு ஒன்று, இல்லத்துக்கு ஒன்று. இரண்டு வாக்கியத்துக்கு ஆறு தாள் கிழித்தேன்.

அனுப்பியபின் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கைபேசியில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். அப்படியே வைத்துவிட்டேன்.

ஜூலை 20, சனி
அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம்.

ஆகஸ்ட் 23, வெள்ளி
பயிற்சி முடிந்தது. குழுப் படத்தில் ஓரமாக நின்றேன். ஆசிரியை தனியாகக் கூப்பிட்டார். "உங்க கணக்கை அடுத்த வகுப்புல காட்டலாமா? உங்க பேரைப் போடாம?"

"பேரைப் போட்டே காட்டுங்க" என்றேன். வீம்புதான்.

ஆகஸ்ட் 26, திங்கள்
என் மேசை வரைபட அறைக்குப் போயிருக்கிறது. சுற்றிலும் இரும்பு அலமாரிகள். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. பத்து வருடம் என்னோடு மதியம் சாப்பிட்ட நில அளவையாளர், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்கு நிற்காமல் நடந்துவிட்டார்.

செப்டம்பர் 30, திங்கள்
செவிலியர் பேசினார். என் கடிதத்தை நகலெடுத்து, கட்டிலில் இருப்பவர்களின் வீட்டார் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாராம். "மகனும் மகளுமா வந்து அவங்க போட்ட கூச்சல்ல நிர்வாகம் கப்சிப்." சாய்தளம் கட்டியாயிற்று. கடைசிக் கட்டில் இன்று மேலே போனது. "ஜன்னலோரம் யாருக்குன்னு ரெண்டு பேருக்கு ஒரே சண்டை மேடம்!"

அவர் வைத்த பிறகும் கைபேசியைக் காதிலேயே வைத்திருந்தேன்.

நவம்பர் 14, வியாழன்
இரண்டு நாள் விடாத மழை. பார்க்கப் போனேன். தெருவில் கணுக்காலளவு தண்ணீர், இல்லத்தின் முதல் படியைக்கூடத் தொடவில்லை. நிர்வாகி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "உங்க பேச்சைக் கேட்டு அரங்கையே விட்டுக்குடுத்தோம். ஒரு சொட்டு உள்ள வரலியே!"

வரவில்லைதான். சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். ஆனால் மனத்தின் ஒரு மூலை, வந்திருக்கலாமோ என்றது. சீ! நானா? இதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

டிசம்பர் 11, புதன்
காலையில் மேசைமேல் மூன்று கோப்புகள். ஒரு பள்ளி, ஒரு மகப்பேறு மனை, ஒரு பேருந்து நிலையம். யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மேலே இருந்த கோப்பில் தலைமைப் பொறியாளரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "ஒப்புதலுக்கு முன் வழக்கம்போல் புதிய மழைப் பதிவை வைத்துச் சரிபார்க்கவும்."

வழக்கம்போலாம்! இது என்னைக்கு வழக்கமாச்சு? சத்தமாகவே சிரித்துவிட்டேன். அலமாரிகள்தான் கேட்டன.

மகப்பேறு மனையின் தரைமட்டம் தாழ்வாகத் தெரிகிறது. அதிலிருந்து தொடங்கினேன்.