கழற்றச் சொன்ன பல்செட்டும் வீணாய்ப் போன வாயுவும்

அனுப்புநர்:
அணு மருத்துவப் பிரிவிலிருந்து சென்ற வாரம் திருப்பி அனுப்பப்பட்ட ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியையின் மருமகள்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு தலைமை மருத்துவமனை.

பொருள்: நுரையீரல் காற்றோட்டப் படம் பாதியில் நின்றது – "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்ற குறிப்பை நீக்கி, மீண்டும் படம் எடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் மாமியாரின் பல்செட்டைத் தேய்த்துக் கழுவினேன். இதற்கும் தங்கள் அலுவலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தாங்கள் நினைக்கலாம். முழுச் சம்பந்தமும் இருக்கிறது. வழக்கமாக அத்தை அதை என்னைத் தொடவே விடமாட்டார். சென்ற வாரம் தங்கள் மருத்துவமனையிலிருந்து வந்தது முதல் அதை அவரே தொடுவதில்லை. கஞ்சி குடிக்க எதற்குப் பல் என்கிறார்.

2. அத்தையின் வலது நுரையீரலில் ஒரு கட்டி இருக்கிறது. அதை எடுப்பதென்றால் அந்த நுரையீரலில் பெரும்பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். மிச்சத்தை வைத்துக்கொண்டு அவரால் மூச்சுவிட முடியுமா என்று பார்க்கத்தான் இந்தப் படம். கதிரியக்கம் உள்ள செனான் வாயுவைச் சிறிதளவு முகமூடி வழியாக உள்ளே இழுக்க வேண்டும். நுரையீரலில் காற்று போகும் இடமெல்லாம் காமிராவில் வெளிச்சமாகத் தெரியும், போகாத இடம் இருட்டாக இருக்கும். வாயு வெளியே கசியக்கூடாது என்பதால் முகமூடி முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். இவ்வளவையும் தங்கள் டாக்டர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

3. குறை கதவில் ஆரம்பிக்கிறது. நகை, கண்ணாடி, பல்செட்டு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று அங்கே ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் எம்.ஆர்.ஐ. எனும் காந்த ஸ்கேன் அறைக் கதவிலும் அதே அறிவிப்பு, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறது. அங்கே அது தேவை. காந்தமே இல்லாத அறையில் எதற்கு என்று நர்ஸ் அம்மாவிடம் கேட்டேன். "எல்லாருக்கும் அதுதாங்க ரூல். சீக்கிரம் கழட்டச் சொல்லுங்க, செனான் கேஸ் வந்து ரெடியா இருக்கு" என்றார். நானும் அத்தையிடம் அதையே சொன்னேன்.

4. ஐயா, நான் மருமகளாக வாழ வந்த நாள்முதல் அத்தையைப் பல் இல்லாமல் பார்த்ததில்லை. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டுதான் கழற்றுவார். அன்று வராந்தாவில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, பத்துப் பேர் பார்க்க அவர் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே உள்ளே போனார். எங்களுக்குள் ஒத்துப்போகாத விஷயங்கள் நிறைய உண்டு. ஆனால் அந்த ஈரமான பல்செட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவற்றில் ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை.

5. அடுத்து நடந்ததைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து நானே பார்த்தேன். பல் இல்லாததால் கன்னம் உள்ளே ஒட்டிப்போய், முகமூடியின் ரப்பர் விளிம்புக்கும் கன்னத்துக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. காற்று கசிவது அத்தைக்கு உடனே தெரிந்துவிட்டது. கையைத் தூக்கி அந்த இடத்தில் முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். டெக்னீஷியன் ஒலிபெருக்கியில், "அம்மா, கைய எடுங்க! ஆடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று சத்தம் போட்டார். அத்தை எடுத்தார். மறுபடியும் கசிந்தது, மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அதட்டல். மூன்றாம் முறை கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். சற்று நேரத்தில் கதிரியக்கம் காட்டும் கருவி அலறியது. எல்லோரும் அறையைவிட்டு வெளியே வந்தார்கள். எல்லோரும் என்றால், அத்தையைத் தவிர. நான் கத்திய பிறகுதான் ஒருவர் திரும்பிப் போய் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

6. கசிந்தது மிகக் குறைந்த அளவு, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். நம்புகிறேன். ஆனால் அதற்குப் பயந்து முதலில் ஓடியவர்களும் அவர்களேதான். அன்றைக்கு வந்த வாயு அத்தோடு தீர்ந்தது. நாளாக நாளாகத் தானே வலுவிழந்துவிடும் பொருள் என்பதால் அதை முன்கூட்டியே வாங்கி வைக்கவும் முடியாதாம். எங்களுக்குப் பின்னால் காத்திருந்தவர்களும் திரும்பிப் போனார்கள். போகும்போது அவர்கள் அத்தையைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

7. கையில் கொடுத்த அறிக்கையில் ஒரே வரி: நோயாளி ஒத்துழைக்கவில்லை. அறுவை மருத்துவர் அதைப் படித்துவிட்டு, "படம் இல்லாம நான் கத்தி வைக்க மாட்டேன். ஒத்துழைக்காதவங்கள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று எங்களுக்குக் கொடுத்திருந்த அறுவை சிகிச்சைத் தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். கட்டி தேதி பார்த்துக் காத்திருக்காது என்று சொன்னவரும் இதே மருத்துவர்தான்.

8. அத்தை பணிக்காலம் முழுவதும் விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர். எங்கள் தெருவில் இன்றும் அவர் "விசில் டீச்சர்"தான். அந்த வரியை நான் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. கேட்டுவிட்டு, "சொன்ன பேச்சு கேக்காதவன்னு எனக்கே எழுதிட்டான் பாரும்மா" என்று சிரித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வரி இருக்கிறவரை மறுபடி அங்கே வரமாட்டேன் என்கிறார். என் கணவர், "அம்மா பிடிவாதம் தெரிஞ்சதுதானே, விடு" என்கிறார். எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

9. மூன்று நாட்களாக இந்தப் புகாரோடு அலைகிறேன். அணு மருத்துவப் பிரிவில் பதிவுப் பிரிவைக் கேட்கச் சொல்கிறார்கள். பதிவுப் பிரிவில் டாக்டரைக் கேட்கச் சொல்கிறார்கள். டாக்டர் மாநாட்டுக்குப் போயிருக்கிறார். நானும் குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் வரும் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவள்தான். "ஆவன செய்யப்படும்" என்று எழுதினால் என்ன செய்யப்படும் என்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்தப் பதிலை மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள்.

10. நான் கேட்பது பெரிதல்ல. ஒத்துழைக்கவில்லை என்ற வரியை அடித்துவிட்டு, முகமூடி பொருந்தவில்லை என்று நடந்ததை எழுதச் சொல்லுங்கள். அந்தக் கதவிலிருந்து பல்செட்டு என்ற சொல்லை எடுக்கச் சொல்லுங்கள். வரும் வியாழக்கிழமை வாயு வருகிறதாம். அதில் அத்தைக்கு முதல் இடம் கொடுத்து, அறுவை சிகிச்சைக்கும் புதுத் தேதி வாங்கித் தாருங்கள்.

11. தங்கள் உத்தரவு அதற்குள் வந்தால் தங்களுக்கு என்றும் நன்றியுடையவளாக இருப்பேன். வராவிட்டாலும் வியாழக்கிழமை அத்தையை எப்படியாவது பேசிக் கிளப்பி அழைத்து வருவேன். அவர் வாயில் பல்செட்டு இருக்கும். யார் சொன்னாலும் கழற்ற விடமாட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் நிற்கமாட்டேன். முகமூடி விலகினால் அழுத்திப் பிடிக்க அவர் கையோடு என் கையும் அங்கே இருக்கும். இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை, என் கணவரிடமும் சொல்லவில்லை. முதலில் தங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

இடம்: தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
நோயாளியின் மருமகள்