எருமைக் கொட்டகைக்கு மூன்று முறை

சம்பந்தியம்மா,

உங்கள் பதிமூன்றாம் நாள் சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை உங்கள் பீரோவைத் திறந்தார். பாச்சை உருண்டை வாசனையோடு அந்தப் பித்தளைத் திசைகாட்டி வெளியே வந்தது. என்னிடம்தான் நீட்டினார். நான் வாங்குவதற்குள் உங்கள் நாத்தனார் முந்திக்கொண்டார். "அன்னிக்கு மன்னி பாவம் பார்த்து இவாளுக்கு விட்டுக்கொடுத்தாளே, அந்தக் காம்பஸா?"

கூடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். துக்க வீடு என்று வாயை மூடிக்கொண்டு சைதாப்பேட்டைக்கு வந்துவிட்டேன். உங்களிடம் ஏன் மூட வேண்டும்? நடந்ததைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தானே.

தொண்ணூறுகளில் மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு இருந்தது. ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவிட்டு, வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்துத் தேடச் சொல்வார்கள். உள்ளே ஒரு நோட்டு. கண்டுபிடித்தவர் அதில் பெயரெழுத வேண்டும். அந்த வாரம் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். நம் இருவரையும் ஜோடி சேர்க்க உங்கள் மகனுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ!

என் மகளுக்குக் கல்யாணமாகி அப்போது ஏழு வருஷம். பேத்தி ஒரு ராத்திரிகூட என் வீட்டில் தங்கியதில்லை. மே மாத லீவுக்கு அனுப்புங்கள் என்று ஆட்டோவிலேயே கேட்டேன்.

"உங்காத்துல அவளுக்கு யார் பாடம் சொல்லித்தருவா?"

"ஏன், நான் இல்ல?"

"நீங்க அஞ்சாவதோட நின்னவாளாச்சே!"

"அந்தப் பொட்டிய நான் கண்டுபுடிச்சா அனுப்புவீங்களா?"

சிரித்தீர்கள். "பேஷா அனுப்பறேன்."

ஆற்றோரம் ஒரு காலி மைதானம். புங்கமரத்திலிருந்து தென்கிழக்கே இருநூறு தப்படி. திசைகாட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். எருமைக் கொட்டகை வந்தது. மரத்துக்குத் திரும்பினோம். மறுபடி எருமைக் கொட்டகை. மூன்றாவது முறை அங்கே போய் நின்றபோது மாட்டுக்காரர் எழுந்தே விட்டார். "இன்னாம்மா, மூணு தபா வந்துக்கினு கீறீங்க. பால் வோணுமா, எருமையே வோணுமா?"

"படம்தான் தப்பு" என்றீர்கள். என்னிடம் கொடுங்கள் என்றேன். "முப்பது வருஷம் ஜியாகரபி எடுத்தவ நான். நேக்கு நீங்க வடக்கு காட்டப் போறேளா?"

அப்போது ஒரு எருமை தலையை நீட்டியது. அதை விரட்டத் திசைகாட்டியோடு கையை வீசினீர்கள். முள் திரும்பியது. கையை நெஞ்சருகே கொண்டுவந்தீர்கள். முள்ளும் பழைய இடத்துக்கு வந்தது. தி. நகர் தையல் கடையில் இருபது வருஷம் ஜாக்கெட் தைத்தவள் நான். கடை சாத்துமுன் தரையில் சிந்திய குண்டூசிகளைக் காந்தத்தால்தான் பொறுக்குவோம். உங்கள் தாலிச் சரடைப் பார்த்தேன். கொத்தாக ஊக்குகள்.

"அது வடக்கைப் பாக்கல, சம்பந்தியம்மா. உங்க கழுத்தைப் பாத்துக்கினு கீது."

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தீர்கள், பதினான்கு ஊக்குகள். திசைகாட்டியை என் கையருகே கொண்டுவந்தீர்கள், விலக்கினீர்கள், மறுபடி கொண்டுவந்தீர்கள். பிள்ளைகள் போட்ட கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி. ஊக்குகளைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "சரிதான். நேக்குத் தோணலை. நீங்க பிடிங்கோ" என்றீர்கள்.

என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து என் கழுத்தில் ஒன்றும் கிடையாது. முள் ஆடாமல் நின்றது. இருநூறாவது தப்படியில் உடைந்த சிமெண்டுக் குழாய். அதற்குள் பிஸ்கட் டப்பா. நோட்டில் எழுத்துக் கூட்டி என் பெயரை எழுதினேன். நீங்கள் பிடுங்கிக் கீழே எழுதினீர்கள்: "நான் பார்த்த திசை தவறு. கண்டுபிடித்தது இவர்."

மே மாதம் முதல் தேதி பேத்தியையும் ஒரு பை நிறையப் பாடப் புத்தகங்களையும் இறக்கிவிட்டு, "ஒரு மாசம்னா ஒரு மாசம்தான்" என்று வாசலிலேயே உறுமிவிட்டுப் போனீர்கள். பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தவர் இப்படியா உறுமுவார்? தோற்றதைத் தன் கையாலேயே எழுதிவைத்த மனுஷியை, போட்டியில் பொய்யாக ஆடியவர் என்கிறார்கள். எனக்கு வருகிற கோபத்தில் பாதி உங்களுக்காகத்தான். வருஷத் திவசத்துக்கு வருவேன். அன்று கூடத்தில் வாயை மூட மாட்டேன்.

முன்பெல்லாம் ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ படிப்பு என்ன என்று கேட்டால் முணுமுணுப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முணுமுணுத்ததில்லை. "அஞ்சாவது" என்கிறேன், வரிசையில் கடைசியாக நிற்பவருக்கும் கேட்கும்படி.