திரும்பிப் பார்க்கும் பழக்கம்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்தே நல்ல காற்று. நான் கண் பரிசோதிக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவர் சுவரில் இருந்த எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே மரம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரியா படிச்சேனாம்மா?" என்றார். மறுபடி வாசிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

முன்பெல்லாம் இப்படிக் காற்றடித்தால் நானும் என் வீட்டுக்காரரும் மதியமே கடலுக்குக் கிளம்பிவிடுவோம். போய்ச் சேரும் கரையில் ஒரு காரை விட்டுவிட்டு, இன்னொன்றில் எங்கள் இரண்டு அலைப்பலகைகளையும் ஏற்றி, காற்று வரும் பக்கத்து மேல்கரைக்குப் போவோம். அங்கிருந்து காற்று முதுகைத் தள்ள, பலகைமேல் நின்று துடுப்புப் போட்டுக்கொண்டு அலைக்கு அலை தாவி வருவோம். நான் முன்னால். அவர் எங்கேயோ பின்னால், மஞ்சள் தொப்பியோடு. நான் திரும்பித் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கினால் அவரும் தூக்குவார். இருக்கேன் என்று அர்த்தம்.

போன வருஷம் வந்த பாழாய்ப்போன காய்ச்சல் அவர் உள்காதைக் கெடுத்து, நிற்கும் சமநிலையைப் பறித்துவிட்டுப் போனது. இப்போது குளியலறைக்கே சுவரைத் தொட்டுக்கொண்டு போகிறார். ஏணி ஏறி வயர் இழுத்த மனுஷன், ரிப்பேர் கடையிலும் வீட்டிலுமாக உட்கார்ந்து ஃபேன் பழுது பார்க்கிறார்.

காற்று இன்னும் அடிக்கிறது. யாருக்கு அடிக்கிறதோ.

மார்ச் 8

நடைவழிச் சுவரில் தொங்கும் அவர் பலகையைத் துடைத்தேன். "இடத்தை அடைச்சிக்கிட்டு... யாராவது கேட்டா குடுத்துடு" என்றார்.

காதில் விழாத மாதிரி அடுக்களைக்குப் போய்விட்டேன். குடுப்பதாம்!

மார்ச் 15, ஞாயிறு

கரையில் ஒரு நீள ஓடத்தைப் பார்த்தேன். இடது பக்கம் இரண்டு வளைந்த கம்புகள் நீட்டிக்கொண்டிருக்க, அவற்றின் நுனியில் ஒரு மிதவை. அதுதான் ஓடத்தைக் கவிழாமல் பிடிக்கிறது. ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போடுகிறார்கள்.

உட்கார்ந்து.

நிற்கத்தானே அவரால் முடியாது? உட்காரலாமே! முதலில் நான் போய்ப் பார்க்கிறேன். அவரிடம் இப்போதைக்கு மூச்சு விடக் கூடாது.

மார்ச் 22

ஐயோ, இடுப்பு. விரல் முட்டியெல்லாம் ஓடத்தின் விளிம்பில் உரசித் தோல் போய்விட்டது. பலகைமேல் நின்றால் நாலு அலை தாண்டித் தெரியும். இங்கே எனக்கு முன்னால் உட்காரும் தபால்காரரின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. அவர் எப்போது துடுப்பை இறக்குகிறாரோ அப்போது நானும் இறக்க வேண்டும். என் இஷ்டத்துக்கு ஒன்றும் கிடையாது.

பின்கோடியில் பெரிய துடுப்பைப் பிடித்து ஓடத்தைத் திருப்புகிற அம்மாளை எல்லோரும் 'சுக்கான் அக்கா' என்கிறார்கள். ஏறியதும் ஒன்றே ஒன்று சொன்னாள்: "வலது பக்கம் சாயவே சாயாதே. மிதவை தூக்கிச்சுன்னா எல்லாருக்கும் குளியல்தான்."

ஏப்ரல் 5, ஞாயிறு

மானம் கப்பலேறியது. இல்லை, கப்பலே கவிழ்ந்தது.

இன்றைக்குத்தான் காற்றோடு விட்டார்கள். ஓர் அலை தூக்கியது - அந்தத் தூக்கல்! ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போய், என்னை அறியாமல் வலது தோள் வழியாகத் திரும்பித் துடுப்பைத் தூக்கினேன். மிதவையும் தூக்கிக்கொண்டது. ஆறு பேரும் தண்ணீரில்.

ஓடத்தை நிமிர்த்தித் தண்ணீரை இறைத்துக்கொண்டே சுக்கான் அக்கா கத்தினாள்: "பின்னாடி யாரும்மா இருக்கா உனக்கு? திரும்பித் திரும்பிப் பாக்கிறே?"

வாயைத் திறந்தால் அழுதிருப்பேன். கண்ணில் உப்புத்தண்ணி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6

ஈர உடுப்பைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், கவிழ்த்ததைத் தவிர.

"எனக்காக உன் பலகையை விட்டுட்டு அந்தப் படகுல போய் உக்காரணுமா? பரிதாபமெல்லாம் வேண்டாம்."

பரிதாபமா? எனக்கு வந்ததே கோபம்! "உங்களைப் பார்த்து யாருங்க பரிதாபப்பட்டா? எனக்கு ஆள் இல்லைங்க அங்க! கரையில தனியா நிக்கிறேங்க!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஏப்ரல் 9

பேச்சு வார்த்தை இல்லை. ஃபேனிடம் மட்டும் பேசுகிறார்.

ஏப்ரல் 12

மௌனம் தாங்காமல் கவிழ்த்த கதையைச் சொன்னேன். தபால்காரர் ஒற்றைச் செருப்போடு வீடு போனதைச் சொன்னதும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. சிரித்து முடித்து, "எதுக்குத் திரும்பினே?" என்றார்.

"மஞ்சள் தொப்பி இருக்கான்னு பார்க்க."

அந்த ஃபேனை மூடி, திருகாணியெல்லாம் முடுக்கிவிட்டுக் கேட்டார்: "ரெண்டு பேர் போற மாதிரி ஓடம் இருக்கா அவங்ககிட்ட?"

ஏப்ரல் 20

காது டாக்டர்: நிற்கக் கூடாது, தனியாகப் போகக் கூடாது. மிதவைச் சட்டை போட்டு, கூட ஆளோடு உட்காரலாம். 'கூட ஆளோடு' என்றதும் இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பெரிய ஆள்தான்!

மே 3

இரண்டு பேர் ஓடத்தில் கரையோரமாகக் கொஞ்ச தூரம். வாந்தி எடுத்தார். கரையேறி மணலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். போதும், இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்துத் துடுப்புகளைக் கட்டி வைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு?"

மே 17

நான்தான் பின்னால் உட்கார்ந்து திருப்புவேன் என்று அடம்பிடித்தேன். சுக்கான் அக்கா ஒரே போடாகப் போட்டாள்: "அவருக்கு அலை தெரியுது, உனக்கு வாய் தெரியுது. நீ முன்னாடி உக்காரு."

வாந்தி இல்லை இன்றைக்கு.

மே 31, ஞாயிறு

நல்ல காற்று. போய்ச் சேரும் கரையில் எங்கள் காரை விட்டோம். அக்காவின் வண்டியில் ஓடத்தோடு மேல்கரைக்குப் போனோம். அவள் இன்னொருவரோடு பக்கத்து ஓடத்தில் துணைக்கு வந்தாள்.

நிற்க ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், கால் இரண்டும் துடித்தன. இவருக்கும் துடித்திருக்கும். கேட்கவில்லை.

பாதி தூரத்தில் பெரிய அலை ஒன்று பிடித்தது. துடுப்பை நிறுத்தினோம், ஓடம் தானாக ஓடியது. கழுத்து என்னையும் கேளாமல் வலது பக்கம் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராகவே உட்கார்ந்து, துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"நானும் தூக்கிட்டேன்டி. நீ திரும்பாதே."