கப்பல் செஃபின் கறி சாஸ்

3 பிப்ரவரி 2025, திங்கள்

காளிதாஸ் மச்சான் வந்திருந்தார். சுகன்யாவின் அண்ணன். நேற்று வரை ஜவ்வரிசி மில்லுக்கு மோட்டார் மாட்டிக்கொண்டிருந்த மனிதர், இப்போது ஓமலூர் தாண்டி பெங்களூர் ரோட்டில் ஓட்டல் கட்டுகிறார். போன மாதம் பெங்களூரில் ஏதோ மாலில் ஸ்பகெட்டி தின்றாராம். அங்கேயே ஞானம் பிறந்துவிட்டது.

"மாப்ள, கார்ல போறவனெல்லாம் பரோட்டாத் தின்னு சலிச்சுப் போயிட்டானுங்க. அந்தக் கறி சாஸு ஊத்துன ஸ்பகெட்டிய நம்ம கடையில போட்டா எப்புடீங்க? நீங்கதான் கப்பல்ல சேப்பு ஆச்சே."

சேப்பு! செஃப் என்று சொல்ல வாய் வளையாத ஆள் இத்தாலிச் சாப்பாடு விற்கப் போகிறார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

"ஆறு வருசம் அதே வேலைதானுங்க மச்சான்" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே. 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கேயே சாப்பிட வருகிறாராம். பிடித்திருந்தால் அடுப்படி முழுக்க என் பொறுப்பு. கப்பலை விட்டு வந்து இரண்டு வருடமாகச் சேந்தமங்கலத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சுகன்யா காபி கொண்டு வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்கு என்ன தெரியும்.

4 பிப்ரவரி, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும். இந்த நோட்டை யாரும் எடுத்துப் படிக்கப்போவதில்லை. இந்த வீட்டில் காலண்டர் தவிர வேறெதையும் படிக்கிற வழக்கமில்லை.

நான் செஃப் இல்லை. முதல் நான்கு வருடம் கப்பலில் அண்டா கழுவினேன். கடைசி இரண்டு வருடம் வெங்காயமும் கேரட்டும் அரிந்தேன். அடுப்புப் பக்கம் என்னை விட்டதே இல்லை. கறி சாஸ் தினம் நாலு அண்டா கொதிக்கும். காலியான பிறகுதான் என் கைக்கு வரும்.

ஊருக்கு அனுப்பிய போட்டோவில் என் தலையில் இருக்கிற உயரத் தொப்பி ஒரு கோவாக்காரனுடையது. ஒரு நிமிடம் வாங்கிப் போட்டேன். இன்னும் கழற்ற முடியவில்லை.

தெரிந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, சிரிப்பார்கள். அதுதான். இந்த ஊர்க்காரர்கள் சிரித்தால் ஏழு தலைமுறைக்குச் சிரிப்பார்கள்.

8 பிப்ரவரி, சனி

சாமான் வாங்க சேலம் செவ்வாய்ப்பேட்டை போனேன். அத்தனை பெரிய மளிகைக் கடை, ஸ்பகெட்டி என்றால் முழிக்கிறான். "நீட்டுச் சேமியாவா?" என்கிறான். சாஸ் வேண்டும் என்றால் கெச்சப் பாட்டிலை நீட்டுகிறான். நம் ஆட்களுக்கு உலகத்தில் ஒரே சாஸ்தான், அதுவும் சமோசாவுக்கு.

ஆலிவ் எண்ணெய் மருந்துக்கடையில்தான் கிடைக்கும் என்று அனுப்பினான். அங்கே கால்சாண் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு அந்தப் பெண், "கொழந்தைக்கு எத்தன மாசமுங்க?" என்று கேட்டாள். உடம்புக்குத் தேய்க்கிறதாம். ஆறு மாசம் என்று சொல்லி வாங்கி வந்தேன். விளக்கம் சொல்லி யாருக்கு ஆகப்போகிறது.

ஸ்பகெட்டி கடைசியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், நாய் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது, கூடவே காய்ந்த பேசில் ஒரு பாக்கெட்.

9 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் ரஷீத் பாய் கறிக்கடை. "மெசின்ல அரைக்கட்டுமா தம்பி, கத்தியில கொத்தட்டுமா?" என்றார். உலகமே மெஷினில் அரைக்கிறது பாய் என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அரைத்து வாங்கினேன்.

அடுப்படியை விட்டு சுகன்யாவை வெளியே போகச் சொன்னேன். கறி குழகுழவென்று கஞ்சியாகிவிட்டது. இரண்டு கிலோ தக்காளியை அதன் தலையில் கொட்டினேன். கிண்டினேன். போனில் ஒரு அம்மாள் 'ஃப்ரெண்ட்ஸ், லோ ஃப்ளேம், லோ ஃப்ளேம்' என்று கொஞ்சிக்கொண்டே இருந்தாள், அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் இங்கே அடி பிடித்துவிட்டது.

சுகன்யா விரலில் தொட்டு நக்கிப் பார்த்தாள். "புளிக்கொழம்பாட்டம் இருக்குதுங்க."

தக்காளி சரியில்லை என்றேன். நாட்டுத் தக்காளியில் இதெல்லாம் வராது என்றேன். பாத்திரம் மட்டம், கேஸ் சரியாக வரவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா" என்று சொல்லிக்கொண்டே துணி எடுக்கக் கொல்லைக்குப் போய்விட்டாள். கொழுப்பு.

ஆத்திரத்தில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தேய்த்தேன். வெந்நீர், கல்லுப்பு, தேங்காய் நார். சாய்த்து முழங்காலில் முட்டுக் கொடுத்து, விளிம்பிலிருந்து உள்வட்டமாக. ஐந்து நிமிடத்தில் பளபளவென்று கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தால் அவள் துணியைத் தோளில் போட்டபடி நிற்கிறாள்.

"எத்தன வருசமுங்க கழுவுனீங்க?"

என்னடி கேக்கற? என்ன கேக்கற நீ? கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அவள் திரும்பக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

10 பிப்ரவரி, திங்கள்

பேசவில்லை. நானும் பேசவில்லை.

13 பிப்ரவரி, வியாழன்

மூன்று நாள் கழித்துச் சண்டையில்தான் பேச்சு ஆரம்பித்தது. சாஸில் பச்சை பேசில் இலையும் போட வேண்டும். பேசில் என்றால் துளசி என்று போனில் போட்டிருக்கிறான். நாலு இலை கிள்ளலாம் என்று வாசல் துளசியில் கை வைத்தேன். வந்துவிட்டாள்.

"கறியில போடறதுக்குத் தொளசியப் பறிக்கறீங்களா? ஊடு வெளங்குமாங்க?"

இவளுக்கு உலகமே அந்தத் துளசித் தொட்டியோடு முடிந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவும் சொன்னேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், நான் சேலத்தில் வாங்கி வந்த காய்ந்த பேசில் பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"இது தொளசி இல்லீங்க. திருநீத்துப் பச்சிலையாட்டம் மணக்குது. கதம்பத்துல வெச்சுக் கட்டுவாங்கல்ல, அது."

பெரிய கண்டுபிடிப்பு. இத்தாலிக்காரன் கதம்பத்தைப் பிய்த்துச் சோற்றில் போட்டுக்கொள்கிறான் என்கிறாள். சிரித்தேன். பூக்காரக் குப்பாயியிடம் போய் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி வந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

அதேதான். கப்பலில் கூடை கூடையாக வந்து இறங்குமே, அதே வாசம். கூடைகளைக் கழுவியதும் நான்தானே.

"ஏதோ கிட்டத்தட்ட" என்றேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

இன்று அவள் செய்தாள். நான் செய்யவில்லை என்று முதலில் எழுதிவிடுகிறேன்.

கறியைக் கத்தியில் கொத்தி வாங்கி வரச் சொன்னாள். ரஷீத் பாய் கொத்திக் கொடுத்தார், மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. வெங்காயமும் கேரட்டும் நான் அரிந்தேன். கடுகளவு. "எந்திரமாட்டம் அரியறீங்களே" என்று நின்று பார்த்தாள். இதற்கெல்லாம் வாய் பிளக்கிற ஊர்.

கறியின் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிகிற வரை வதக்கினாள். தக்காளியை எடுக்கும்போது தடுத்தேன். போதும், இரண்டு போதும். எனக்கு எப்படித் தெரியும்? போன ஞாயிறு இது புத்தியில் ஏறவில்லை. நாலு வருடம் அந்த அண்டாவின் அடியைச் சுரண்டியவன் நான். அதில் ஒட்டியிருந்தது தக்காளியே இல்லை. கறிச் சக்கையும், கருகின கேரட்டும், பால் ஏடும். பாத்திரத்தைக் கழுவக் கழுவ வெள்ளையாக நுரைக்கும். பால் ஊற்றியிருக்கிறான்கள்!

"பால் ஊத்து" என்றேன்.

"கறியிலயா?" கரண்டியோடு யோசித்தாள். "மீனுக்குத்தான் பாலு ஆவாதும்பாங்க. கறிக்கு ஒண்ணும் சொன்னதில்ல." ஊற்றினாள்.

மிளகாய்த்தூள் டப்பாவை மட்டும் நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு தடவை கேட்டாள், கொடுக்கவில்லை. மூன்று மணி நேரம் சிறு தீயில் சுண்டியது. இறக்கும்போது பச்சிலையைக் கிள்ளிப் போட்டாள்.

தின்றோம். நான் மறுபடி போட்டுக்கொண்டேன்.

"இது சாஸு இல்லீங்க. சுண்டக் காச்சுன கறிக்கொழம்பு. இதுக்குப் போயி இத்தாலி வரைக்கும் போவோணுமா" என்றாள். இருக்கிற கொழுப்பெல்லாம் இவளிடம்தான் இருக்கிறது.

23 பிப்ரவரி, ஞாயிறு

மச்சான் வந்தார். முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு ஐந்து விரலாலும் பிசைந்தார். உருட்டினார். வாயில் எறிந்தார். நாலு வாய்க்கு மூச்சே இல்லை. பிறகு நிமிர்ந்து, "இதுக்கு மேல ரசம் உண்டுங்களா?" என்றார். ஸ்பகெட்டிக்கு ரசம்! இவரெல்லாம் முதலாளி.

தட்டை வழித்துவிட்டு என் தோளில் தட்டினார். "சேப்புன்னா சேப்புதான் மாப்ள! என்ன கைப்பக்குவம்!"

சுகன்யா அடுப்படி நிலையில் கரண்டியோடு நின்றிருந்தாள். காலை ஆறு மணியிலிருந்து அவள்தான் அடுப்பில்.

"சந்தோசமுங்க மச்சான்" என்றேன்.

அவர் போன பிறகு அவள் தட்டுகளை எடுத்துக் கழுவப் போட்டாள். ஏதாவது கேட்டிருந்தால் கத்தித் தொலைத்திருப்பேன்.

1 மார்ச், சனி

கட்டடம் பார்க்க ஓமலூர் போனோம். கடை வாசலில் எட்டடி ஃப்ளெக்ஸ். 'கடல் கடந்த கைப்பக்குவம்! சர்வதேசக் கப்பல் செஃப் பிரபா!' கோவாக்காரன் தொப்பியோடு நான். பின்னால் ஒரு கப்பல், அது பீரங்கி வைத்த போர்க்கப்பல். ஓரத்தில் மச்சான் கும்பிடு போட்டபடி. இவ்வளவு மட்டமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

சுகன்யா வண்டியிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"தொப்பி ஒங்களுக்குப் பெருசா இருக்குதுங்க."

அவ்வளவுதான். ஊரைக் குறை சொல்கிறேன், மச்சானைச் சொல்கிறேன், போனில் கொஞ்சுகிற அம்மாளைச் சொல்கிறேன். அத்தனை பேரையும்விட மட்டமானவன் ஒருத்தன் எட்டடி உயரத்தில் நிற்கிறான். அவள் சமைத்ததைத் தின்றுவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவன். வெக்கங்கெட்ட பய.

3 மார்ச், திங்கள்

மச்சானிடம் சொல்லிவிட்டேன். தனியாகப் போனேன். டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பீடிகை எதுவும் போடவில்லை. "நான் செஃப் இல்லீங்க. அண்டா கழுவுனேன், வெங்காயம் அரிஞ்சேன்."

முதலில் சிரித்தார், விளையாடுகிறேன் என்று. பிறகு முகம் கறுத்தது. "இத்தன வருசமா ஊரையே ஏமாத்துனீங்களா? கல்யாணத்துல அத்தன பேருகிட்ட எம் பொறந்தவ மாப்ள சேப்புன்னு நாஞ் சொன்னனே!" டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"அப்ப அன்னைக்கி ஆரு செஞ்சது?"

"சுகன்யா."

"சுகன்யாவா?" நான் அண்டா கழுவியதைவிட இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "அவ பத்தாவதுதானுங்களே படிச்சா!" ஸ்பகெட்டிக்குப் பட்டப்படிப்பு வேண்டும் போலிருக்கிறது. அவள் கல்யாணம் வரை ஒரே வீட்டில் அவள் கையால் தின்றவர் இவர். எனக்கு வாய்த்த மச்சான்!

அவள்தான் சமைப்பாள், நான் அரிவேன், முடியுமானால் சொல்லுங்கள் என்று வந்துவிட்டேன். வீட்டில் வந்து அவளிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லைதான்.

பிறகு, "ஆறு மணிக்கு மேல அங்க இருக்க மாட்டேன், கடைசி பஸ்ஸப் புடிக்கோணும்னு அண்ணங்கிட்டச் சொல்லிப் போடுங்க" என்றாள்.

20 ஏப்ரல், ஞாயிறு

மச்சான் கடைசியில் ஒத்துக்கொண்டு கடை திறந்து ஒரு மாதம். ஃப்ளெக்ஸைக் கழற்றச் சொன்னால் மச்சான் கேட்கவில்லை. "போட்டோ நல்லா வந்திருக்குதுங்க மாப்ள" என்கிறார். திருந்தாத ஜன்மம்.

மத்தியானம் பெங்களூர் வண்டி ஒன்று. குடும்பம். அந்த ஆள் ஸ்பகெட்டியைக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டித் தின்றான். காசிருக்கிறது, காரிருக்கிறது, தின்னத் தெரியவில்லை. தின்று முடித்துவிட்டு, கப்பல் செஃபைப் பார்க்க வேண்டும் என்றானாம். பரிமாறுகிற பெண் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

எழுந்தேன். எட்டடி ஆள் வாசலில் நிற்கிறான், அவனைத்தானே கேட்கிறார்கள். சுகன்யாவைப் பார்த்து, "நீ போ" என்றேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"படத்துல இருக்கறது எங்க ஊட்டுக்காரருங்க. கப்பல்ல அண்டா கழுவுனாரு, வெங்காயம் அரிஞ்சாரு. அவரு சொல்லச் சொல்ல நாஞ் செஞ்சதுங்க இது."

சத்தமாகச் சொன்னாள். நாலு மேசைக்கும் கேட்டது. கல்லாவில் மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் எட்டு வருடம் செத்துப் பிழைத்தேன்.

அந்த ஆள் "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தட்டு கேட்டான்.