கல்லீரலுக்குக் கொடுத்த பொடி

ஆலத்தியூர்
6.4.2025

அன்புள்ள செல்விக்கு,

ஜோதி அக்கா எழுதுவது. மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமா? ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். என் குரல் தடித்துப்போய்விட்டது. போன வாரம் நீயே அடையாளம் தெரியாமல் யாரென்று கேட்டாய். அதற்கப்புறம் பேசக் கூச்சமாக இருக்கிறது.

வயிறு கனக்கிறதென்று அரியலூரில் ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தின்னுட்டுத் தூங்குனா வேற என்ன வரும்?" என்றார். ஒருவேளைதான் சாப்பிடுகிறேன் செல்வி. அப்படியும் உடம்பு ஊதுகிறது. இந்த வெயிலிலும் போர்வை கேட்கிறது.

உன் மாமா ஆலையில் ஷிஃப்ட் முடிந்த கையோடு திருமானூர் போய், ஒரு வைத்தியரிடம் கல்லீரலுக்குப் பொடி வாங்கி வந்தார். அதைச் சாப்பிடும்போது இங்கிலீஷ் மாத்திரை தொடக்கூடாதாம். வழக்கமாகப் போடும் தைராய்டு மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. எனக்காகத்தான் அலைகிறார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா
ஜோதி

பெரம்பலூர்
11.4.2025

என் அக்காவுக்கு,

கடிதம் பார்த்ததும் நான் காட்டும் டாக்டரம்மாவிடம் ஓடினேன். "தைராய்டு சுரக்கிறது கொறைஞ்சா உடம்பு கொழுப்பைச் சரியா எரிக்காது. அது ஈரல்ல போய்த் தங்கும். அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?" என்று என்னைத் திட்டினார். நீ தின்று வந்த வியாதி இல்லை அக்கா. பொடியைக் கொட்டிவிடு. நாளைக்கே டாக்டரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்கு.

மாமாவுக்கு ஃபோன் போட்டேன். "மாத்திரை போட்டுத்தான் ஊதுனா செல்வி. இப்ப நிம்மதியாத் தூங்குறா" என்றார். அந்தத் தூக்கம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே பதில் போடு.

செல்வி

ஆலத்தியூர்
24.4.2025

அன்புள்ள செல்விக்கு,

அரியலூரில் ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலில் கொழுப்பாம். உனக்குச் சொல்லவே இல்லையே என்று எழுதுகிறேன். அம்மா உன் வீட்டிலா இருக்கிறாள்? இந்தப் பக்கம் வரவே இல்லை. எனக்குக் கோபம் ஒன்றுமில்லை என்று சொல்.

என் கண் மஞ்சளாக இருக்கிறதென்கிறார்கள். எழுதும்போதே தூக்கம் வருகிறது. அரியலூரில் ஸ்கேன் எடுத்தோம்.

ஜோதி

திருச்சி
30.4.2025

அக்கா,

அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் கட்டிய புடவையோடு பஸ் ஏறினேன்.

நீ சுருண்டு கிடந்தாய். முகம் வீங்கி, தொட்டால் சில்லென்று இருந்தாய். உலுக்கினேன், கண் திறக்கவில்லை. உன் மாமியார், "தூங்குறவளை ஏன் எழுப்புற?" என்றார். மாமாதான் உன்னை வாரித் தூக்கிக்கொண்டு வாடகைக் காருக்கு ஓடினார். இங்கே திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

தைராய்டு அடியோடு குறைந்து மயக்கத்துக்குப் போய்விட்டாய் என்கிறார்கள். ஏற்கெனவே கொழுப்பேறிக் கிடந்த கல்லீரலைப் பொடியும் கெடுத்திருக்கலாமாம். மாமா வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். "நல்லதுன்னு நெனச்சுத்தானே குடுத்தேன்" என்கிறார்.

அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "அக்காவை எங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அனுப்புவீங்களா?" தலையை ஆட்டினார். உன் சாமான்களை எடுக்க ஊருக்கும் ஆள் அனுப்பிவிட்டேன்.

டாக்டரிடம், எப்போது அழைத்துப் போகலாமென்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "முதல்ல கண்ணு முழிக்கட்டும்மா" என்றார்.

முழித்துவிடு அக்கா.

உன் செல்வி