சுளகு நிறைய இருமல்

முக்கூடல்,
18.9.2025

அன்பு மகள் பிரம்மசக்திக்கு உன் அம்மா முப்பிடாதி எழுதுவது.

நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் ஒரு வாரமாகக் கோபத்தில் இருக்கிறேன். கோபப்படத் தெம்பு இருக்கிறதே, அதை நலம் என்றே வைத்துக்கொள். நீ பரோடாவில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சப்பாத்தி இறங்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. இருமலுக்கு நான் என்ன மருந்து குடிக்கிறேன் என்று கேட்டு ஏழு மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். குடிக்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நடுவில் இருமல் வந்துவிடுகிறது. நான் சொல்வதை விட்டுவிட்டு நீ அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாய். காகிதத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது.

வெள்ளிக்கிழமை உன் கண்காட்சி திறந்த அன்று நானும் என்கூடப் பீடி சுற்றுகிற ஷரீபா பீவியும் பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போனோம். மண்டபம் ஜோராக இருந்தது. உன் ஆற்றுப் படத்தின் முன்னால்தான் நல்ல கூட்டம். பாபநாசத்தில் 'தண்ணீர் தண்ணீர்' என்று எழுத்துகள் அடித்துப் பிடித்து இறங்கி, போகப் போக மெலிந்து, கடலுக்குப் பக்கத்தில் வெறும் புள்ளியாக நிற்கிறதே, அதைப் பார்த்து ஒரு விவசாயி தலையில் கைவைத்துக்கொண்டார். பஸ் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் ஒரே சிரிப்பு. 'தள்ளு தள்ளு' என்று எழுத்துகள் நெருக்கியடித்து, ஒரே ஒரு 'ளு' மட்டும் படிக்கட்டில் தொங்குகிறதே, அதைப் பார்த்துத்தான். இதற்கு உருக்கவிதை என்று பெயர், கண்ணால் படிக்கும் கவிதை என்று நீ சொன்னதை நான் ஷரீபாவுக்கு எடுத்துச் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது.

கடைசிச் சுவரில், நான் மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற முறத்தை நீ செதுக்கின அந்தச் சுளகுப் படத்தைத் தேடினேன். ஆணி இருந்தது. ஆணிக்குக் கீழே 'சுளகு, மரச்செதுக்கு அச்சு' என்று சீட்டு இருந்தது. படம் இல்லை.

கண்காட்சி நடத்துகிற சங்கத்துச் செயலாளர் பரமசிவன் அண்ணாச்சி எங்களைக் கண்டதும் ஓடிவந்து குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம். மண்டபம் நம் பீடிக் கம்பெனி முதலாளி கொடுத்ததாம். முந்தின நாள் சாயங்காலம் அவர் பார்க்க வந்தாராம். தூரத்தில் நின்று, சுளகில் பீடித்தூள் குவிந்து கிடக்கிறது, தொழிலைப் பெருமைப்படுத்தியிருக்கிறாள் நம்மூர்ப் பிள்ளை என்று சந்தோஷப்பட்டாராம். கிட்டே போய்க் கண்ணாடியை மாட்டிப் பார்த்திருக்கிறார். தூள் முழுக்க 'லொக் லொக் லொக்' என்று இருந்ததைப் படித்ததும் காரில் ஏறிவிட்டாராம். அடுத்த நிமிஷம் அண்ணாச்சி படத்தைக் கழற்றி, நீ மிச்சமாகக் கொடுத்திருந்த மூன்று பிரதிகளையும் சேர்த்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அதோடு விடவில்லை. ஒரு தாளை நீட்டினார். படத்தைக் கலைஞரே விரும்பித் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று அதில் டைப் அடித்திருந்தது. மகள் சார்பில் நான் கையெழுத்துப் போடவேண்டுமாம். போட்டால் முதலாளியின் பள்ளிக்கூடத்தில் உனக்கு டிராயிங் டீச்சர் வேலை நிச்சயமாம். "ஒங்களுக்கே அந்தப் படம் பிடிக்கலையாமேம்மா, கடையில வச்சிச் சொன்னியளாமே" என்றார்.

சக்தி, அது உண்மை. நான் சொன்னேன். நீ கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் ரயில் ஏறினாயே, அதற்கு மறுநாள் பீடிக் கடையில் கட்டுகளைக் கொடுக்கும்போது, என் மகள் என் இருமலை ஊர் பார்க்கத் தொங்கவிடப் போகிறாள், எனக்கு மானமே போகுது என்று வாய் ஓயாமல் புலம்பினேன். உனக்கு அந்தப் படம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ தூங்காமல் படுத்துக்கொண்டு என் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தாய். நீ தூங்கிவிட்டதாக நான் நினைத்தேன். படத்தில் அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. வெட்கத்தை உன்மேல் கோபமாகக் கொட்டினேன். என் வாயில் வந்ததைத்தான் இப்போது உனக்கு எதிராகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இது முழுக்க என் தப்பு.

இன்னொன்றும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டீச்சர் வேலை என்றதும் பேனாவை வாங்கிவிட்டேன். நீ ஊரோடு வந்துவிடுவாய், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவாய் என்று ஒரு நிமிஷம் ஆசை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. அண்ணாச்சி சட்டென்று பின்னால் நகர்ந்து கைக்குட்டையால் மூக்கை மூடினார். சுவரில் இருப்பதையும் பார்க்கக் கூடாது, நேரில் இருப்பதையும் பார்க்கக் கூடாது என்றால் நான் எங்கேதான் போய் இருமுவது? பேனாவை அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டு வந்துவிட்டேன்.

பாவம், அண்ணாச்சிக்குப் படிப்பு அதிகம், அச்சு வேலை தெரியாது. உன் படமெல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் வரைந்தது, நான்கையும் பூட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துவிட்டார். நீ செதுக்கின அச்சுக்கட்டை கட்டிலுக்கு அடியில் உன் பழைய பாவாடையில் சுற்றிக் கிடப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை காலையில் அதை வெளியே எடுத்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓடிவந்திருப்பாய். நீ உருளையில் மை தேய்ப்பதையும், தாளைப் பரப்பிக் கரண்டியின் முதுகால் தேய்ப்பதையும் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். முதல் தாளில் மை அதிகமாகி எல்லாம் ஒரே அப்பல். இரண்டாவது தாளில் பாதி எழுத்து வரவே இல்லை. பிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. பீடி இலையைப் பதமாக்க ஈரச்சாக்கில் சுற்றி வைப்போமே, அதைப்போல நீ விட்டுப்போன தாள்களைச் சுற்றி வைத்தேன். காகிதத்தை நனைக்கிறாளே என்று ஷரீபா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துத் தேய்த்தால், ஒவ்வொரு 'லொக்'கும் கறுப்பாக, கன கச்சிதமாக வந்து விழுந்தது. தெருவில் பீடி சுற்றுகிறவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். இத்தனை வருஷம் நகம் தேயச் சுற்றின விரல்களுக்குக் கரண்டியை எங்கே அழுத்த வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒன்பது படம் தேறியது. நான் மை கழுவிவிட்டு வருவதற்குள் ஷரீபா பெரிய காரியம் பண்ணிவிட்டாள். கத்தரியை எடுத்து, இலையில் ஓரம் நறுக்குவதைப் போல, ஒன்பது தாளிலும் சுற்றியிருந்த வெள்ளை ஓரத்தைச் சுத்தமாக வெட்டித் தள்ளிவிட்டாள். நீ பென்சிலால் கையெழுத்துப் போடுகிற இடம் அது என்று நான் சொன்னதும் அழ ஆரம்பித்துவிட்டாள். "சும்மா வெள்ளையாக் கெடந்துச்சுளா, கழிவுன்னுல்லா நெனச்சேன்" என்றாள். ஆனாலும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒன்பது பேர், ஆளுக்கொரு சுளகு, சுளகுக்குள் ஆளுக்கொரு படம். வெறும் ஆணி இருந்த சுவருக்குக் கீழே தரையில் வரிசையாக உட்கார்ந்து, எப்போதும்போல மடியில் சுளகை வைத்துக்கொண்டோம். சத்தம் போடவில்லை, கோஷம் போடவில்லை. வந்தவர்கள் ஆற்றை விட்டுவிட்டு, பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் மடியைக் குனிந்து படித்தார்கள். காயல்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பெண், தன் உம்மாவும் இப்படித்தான் இருமினாள் என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. குனிந்து பார்த்தார். கலைஞரின் கையெழுத்து எங்கே, ஓரத்தையே காணோமே, இதெல்லாம் போலி, செல்லாது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அந்த ஓரத்தை வெட்டின ஷரீபா எழுந்தாள். "செல்லாததுன்னு நீங்களே சொல்லியாச்சுல்லா அண்ணாச்சி. அப்போ இது சக்தி படம் இல்ல, எங்க படம். எங்க சுளகு, எங்க இருமலு. இதை எடுக்கச் சொல்லி எங்ககிட்டதான் கையெழுத்து வாங்கணும். வாங்கிப் பாருங்க" என்றாள். மண்டபமே கைதட்டியது. அண்ணாச்சி முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன், அந்த நேரத்தில் யாருக்கும் போன் ஞாபகமே வரவில்லை.

திங்கட்கிழமை கடையில் எனக்கும் ஷரீபாவுக்கும் இனிமேல் பீடி சுற்ற இலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்ற ஏழு பேருக்கும் கொடுத்தார்கள். அவர்கள் வாங்காமல் திரும்பி வந்துவிட்டார்கள். நான் வாங்குங்கள் என்று சண்டை போட்டும் கேட்கவில்லை. வீட்டில் அரிசி இருக்கிறது, நீ கவலைப்படாதே. சுளகு மடியில் இல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் பழக்கமில்லாமல் இருக்கிறது. ஆனால் தெருவில் ஒருத்தி முகத்திலும் பயம் இல்லை, சக்தி. நான் இதை இந்தத் தெருவில் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். உன் படம் அதைவிடத் தெளிவாக இருக்கிறது. அடுத்த வாரம் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார், ஷரீபா கூட வருவாள். நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரவேண்டாம். ஆறு மாதப் பயிற்சியை முடித்துவிட்டு வா.

இப்போது முக்கியமான விஷயம். அந்த டைப் அடித்த தாளை உனக்கே அனுப்பப் போகிறார்களாம். அனுப்பியும் இருக்கலாம். நீ ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் எங்களுக்கு மறுபடி இலை தருவார்களாம், உனக்கு வேலையாம், எனக்கு மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியமாம். எல்லாவற்றையும் தேன் தடவிச் சொல்வார்கள். உன் அம்மா கஷ்டப்படுகிறாள் என்பார்கள். அவளே கேட்கச் சொன்னாள் என்பார்கள். எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை வாய் தவறியிருக்கிறது. நாளைக்கு உடம்பு முடியாமல் கிடக்கும்போது என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். இதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

முப்பிடாதி அம்மன் உன் கையைக் காப்பாற்றட்டும். உளி பிடிக்கிற கை அது. அந்தத் தாளில் அது படவே கூடாது. நானே போன் பண்ணி, அழுது, கையெழுத்துப் போடு மகளே என்று கெஞ்சினாலும் போடாதே.

இப்படிக்கு,
சுளகுப் படத்தில் இருமுகிறவள்,
உன் அம்மா
மு. முப்பிடாதி